வன்னியில் இருந்து இராணுவச் சிற்றலை கேட்பவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

முற்றத்துக் கம்பி எழுதியது:

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில், ஏ9 வீதியில் இருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் உள்ளே இருக்கிறேன். இந்தப் பழக்கம் எனக்கு 2022 மின்வெட்டுக் காலத்தில் தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நேரம். மாமா வெளிநாட்டில் இருந்து வந்தபோது விட்டுச்சென்ற டெக்சன் பிஎல்-660 றேடியோ ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. இரவு முற்றத்தில் பாயைப் போட்டு, அதை வைத்துச் சிற்றலையைத் துழாவிக்கொண்டு இருந்தேன். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பொத்தானில் தெரியாமல் விரல் பட்டது. 8992 கிலோஹேர்ட்ஸில் ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு இருந்தது. கோபம் இல்லை, அவசரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் வாசிப்பது போல.

அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய வலையமைப்பு. 4724, 6739, 8992, 11175, 13200, 15016 கிலோஹேர்ட்ஸ், எல்லாம் மேல் பக்கப்பட்டை. அதாவது சாதாரண ஏஎம் நிலையில் வைத்தால் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும், எஸ்எஸ்பி வசதி உள்ள றேடியோ கட்டாயம் வேண்டும். வாசிக்கப்படுவது பெரும்பாலும் 30 எழுத்துகள் கொண்ட சங்கேதச் செய்தி. முதல் ஆறு எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு முழுதையும் வாசிப்பார்கள். அர்த்தம் வெளியாருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. ஒரே செய்தியைப் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்புவதால் குரலுக்குப் பின்னால் அதே குரல் எதிரொலி போல வரும்.

அந்த நிலையங்களில் ஒன்று டியேகோ கார்சியா. வரைபடத்தில் அளந்து பார்த்தேன், நம்மிடம் இருந்து கிட்டத்தட்ட 2000 கிலோமீற்றர். அங்கே இருந்து கிளம்பும் அலை, நிலத்தில் இருந்து முந்நூறு கிலோமீற்றர் அளவு உயரத்தில், அலையைத் திருப்பி அனுப்பும் அயனமண்டலம் என்ற வான்படலத்தில் ஒரே ஒரு தடவை பட்டுத் திரும்பினால் நம் முற்றத்தில் இறங்கும். இது விளங்கிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இழை தொடங்கியதன் காரணம், இங்கே வேறு யாரும் கேட்கிறீர்களா என்று அறியத்தான். ஒரே ஒரு வேண்டுகோள். உலகம் முழுக்கக் கேட்பவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கும் வெளிநாட்டு நிலையங்களைப் பற்றி மட்டும் கதைப்போம். நம் நாட்டுப் படைகளின் தொடர்புகளை யாரும் தேடவோ, அதைப்பற்றி இங்கே எழுதவோ வேண்டாம்.

ஒட்டுசுட்டான் புதியவன் எழுதியது:

அண்ணை, நான் போன மாதம்தான் ஏடிஎஸ்-20 றேடியோ ஒன்று எடுத்தேன். சின்னப் பெட்டி, ஆனால் எஸ்எஸ்பி இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்வி.

ஒன்று, இரவு ஏழு மணிக்குப் பிறகு ‘டிக், டிக், டிக்’ என்று செக்கனுக்கு ஒன்றாக ஒரு சத்தம். மணிக்கூடு போல அவ்வளவு ஒழுங்கு. இது எந்த நாட்டு இராணுவம்?

இரண்டு, ரஷ்யாவின் 4625 கிலோஹேர்ட்ஸில் ஒரு இரைச்சல் நிலையம் இருக்கிறதாம், அது நின்றால் அணுகுண்டுகள் தானாகக் கிளம்பும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

முற்றத்துக் கம்பி எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். உண்மை இல்லை, தம்பி. ‘பஸ்ஸர்’ என்று உலகம் கூப்பிடும் நிலையம் அது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 தடவை ஒரு கரகரத்த ஒலி, இடைக்கிடை ரஷ்ய மொழியில் பெயர்களும் எண்களும். அது நின்றால் அழிவு என்றால் நாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம். 2010 ஜூனில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அது நின்று கிடந்தது, அதற்குப் பிறகும் பல தடவை. அந்த ஒலி, அலைவரிசையை வேறு யாரும் பிடித்துவிடாமல் இடம் பிடித்து வைப்பதற்கு என்றுதான் நான் நினைக்கிறேன். நான் அதை மார்கழி, தை மாதங்களில் இரவு இரண்டு மணிக்குப் பிறகு மூன்று தடவை மட்டும் கேட்டிருக்கிறேன், அதுவும் காதை ஒட்டி வைத்து.

டிக் டிக் பற்றி: ஒரு அலைவரிசையில் மட்டும் வருகிறதா, எங்கே திருப்பினாலும் வருகிறதா?

ஒட்டுசுட்டான் புதியவன் எழுதியது:

எங்கே திருப்பினாலும். 3 மெகாஹேர்ட்ஸில் இருந்து 12 மட்டும் எல்லா இடமும்.

பழைய டைனமோ எழுதியது:

பிள்ளைகள், நான் இப்போது கனடாவில். தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்தேன். இந்தத் தலைப்பைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு அப்போது மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவில் இருந்து இரண்டு வயர் றேடியோவுக்கு. சுற்றுகிறவன் கை சோர்ந்தால் செய்தி மெலியும், உடனே எல்லோரும் ‘சுற்று, சுற்று’ என்று கத்துவார்கள். சும்மா கிடந்த பற்றரிகளை வெயிலில் காய வைத்து இன்னும் பத்து நிமிடம் கறந்ததும் உண்டு. இரவு ஒன்பதேகாலுக்கு லண்டனில் இருந்து பிபிசி தமிழோசை. ஒரு றேடியோவைச் சுற்றி இருபது, முப்பது பேர் இருப்போம். மணிலாவில் இருந்து வெரித்தாஸ் வானொலியும் கேட்போம். தமிழோசை 2017 ஏப்ரலில் சிற்றலையை நிறுத்தியபோது, நான் இங்கே இணையத்தில் கேட்க வசதி இருந்தும், ஒரு வீடு பூட்டப்பட்டது போல இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அலை கேட்பவர்கள் எல்லாவற்றையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் குறிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அந்தப் பயிற்சி சும்மா கிடைத்தது. 1996-இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, வன்னியில் பழைய நேரமே இருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுக்க மீண்டும் பழைய நேரத்துக்கு வரும்வரை ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்காமல் யாரும் பயணம் வைத்ததில்லை. லண்டன் நேரத்தில் கணக்குப் பார்த்துக் கூட்டுவதுதான் பிழை வராத வழி என்று என் தகப்பன் சொல்வார்.

மற்றது, நம் இலங்கை வானொலிக்கும் இராணுவத்துக்கும் உள்ள தொடர்பை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் கண்டியில் இருந்தது. அதன் படையினருக்காக ஏற்பட்டது ‘றேடியோ சியாக்’. ஏக்கலையில் 100 கிலோவாற் சிற்றலைக் கருவி அதற்காகத்தான் வந்தது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. பிறகு தமிழ்நாடு முழுக்க இலங்கை வானொலிப் பாட்டுக்குக் காது கொடுத்ததே, அதற்குப் பின்னால் இருந்த வலு சிப்பாய்களுக்காக நட்ட கம்பத்தில் இருந்து வந்தது.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் திருநெல்வேலி மாவட்டம். எங்க அப்பா இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டே வளர்ந்தவர். அதன் பின்னணி இப்போதுதான் தெரிகிறது.

வன்னி நண்பர்களுக்கு ஒரு செய்தி. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பெரிய இராணுவ ஒலிபரப்பு சிற்றலையில் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் உள்ளது. 1990-இல் தொடங்கியது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. சிற்றலை கடல்நீரில் நுழையாது, இவ்வளவு தாழ்ந்த அலை சில பத்து மீட்டர் ஆழம் வரை போகும். அலையின் நீளம் எவ்வளவு தெரியுமா? பதினாறரை கிலோமீட்டர். ஒரே ஒரு அலை மாங்குளத்தில் தொடங்கி உங்கள் வீட்டையும் தாண்டிப் போய் முடியும்.

இதைப் பிடிக்க வானொலியே வேண்டாம். ஒரு மரச்சட்டத்தில் இன்சுலேட்டட் கம்பியை நூறு சுற்று சுற்றி, கம்ப்யூட்டரின் மைக் துளையில் இணைத்து, அலைமாலை காட்டும் மென்பொருளைத் திறந்தால் போதும். சவுண்ட் கார்டு 48 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்தால் 24 வரை தெரியும். 18.2-இல் செங்குத்தாக ஒரு கோடு நிற்கும். செய்தியைப் படிக்க முடியாது, அது எனக்குத் தேவையும் இல்லை. நான் தினமும் பார்ப்பது அந்தக் கோட்டின் வலுவை. சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் பகல்நேரத்தில் அது திடீரென்று மாறும். சூரியனைப் பார்க்காமலே சூரியனில் நடப்பதை வீட்டுத் திண்ணையில் இருந்து தெரிந்துகொள்கிறேன். உங்களுக்கும் எனக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர்தான், பாதிக்கு மேல் கடல். நீங்களும் குறித்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குமுழமுனைப் பெண் எழுதியது:

எல்லாம் வாசித்தேன். யாரையும் நோகச் செய்ய எழுதவில்லை, மனதில் உள்ளதை எழுதுகிறேன்.

2009-இல் எனக்குப் பதினொரு வயது. வோக்கியில் வரும் இரைச்சலும், அதற்குள் அரைகுறையாக வரும் ஆண்குரலும் இன்றும் எனக்கு நித்திரையைக் கலைக்கும். அந்த இரைச்சல் வந்தால் அம்மா எங்களைப் பதுங்குகுழிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார். சிற்றலையில் கேட்க எத்தனையோ இருக்கிறது, பாட்டு இருக்கிறது, செய்தி இருக்கிறது. இவ்வளவு பட்ட மண்ணில் இருந்துகொண்டு ஏன் தேடிப்போய் இராணுவத்தின் குரலையே கேட்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை, அண்ணை. உண்மையாகவே விளங்க ஆசைப்பட்டுக் கேட்கிறேன்.

முற்றத்துக் கம்பி எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்தேன்.

எனக்கும் அந்த இரைச்சல் தெரியும். உங்களை விட நாலு வயது கூட. முதல்நாள் 8992-இல் குரல் வந்தபோது என் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. றேடியோவை நிறுத்தினேன். பிறகு திரும்பப் போட்டேன். அந்தக் காலத்தில் எங்களைப் பயப்படுத்தியதில் பாதி, சத்தம் எங்கே இருந்து வருகிறது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதது. இப்போது ஒரு குரல் வந்தால் அது எந்தத் தீவில் இருந்து, எந்த உயரத்தில் பட்டு, ஏன் இந்த நேரத்தில் இந்த அலைவரிசையில் வருகிறது என்று என்னால் சொல்ல முடியும். பகலில் அயனமண்டலத்தின் கீழே உள்ள டி அடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும், அதனால் 11175-க்கும் 15016-க்கும் போவேன். பொழுது பட்டதும் அந்த அடுக்கு கலைந்துவிடும், 8992, 6739 என்று இறங்குவேன். ஒரு நாளும் ஒரே மாதிரி இல்லை.

ஏன் இராணுவம் என்று கேட்டீர்கள். பாட்டு நிலையங்கள் நாங்கள் கேட்க வேண்டும் என்று அனுப்புகிறார்கள். இவர்கள் எங்களுக்காக அனுப்பவில்லை, ஆனாலும் வானம் எல்லோருக்கும் பொதுவாகக் கொண்டுவந்து போடுகிறது. 24 மணித்தியாலமும் யாரோ ஒருவர் காத்திருந்து வாசிக்கிறார் என்பதால் வானத்தின் நிலையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தியில் எனக்கு அக்கறை இல்லை, அது வந்து சேர்ந்த வழியில்தான். ஆனால் இது எல்லோரும் செய்ய வேண்டிய ஒன்று என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பழைய டைனமோ எழுதியது:

தம்பி சொன்னது சரி. ஆனாலும் பிள்ளை, நீங்கள் கேட்க வேண்டாம் என்று நினைத்தால் கேட்கவே வேண்டாம். என் மனைவி இன்றும் வீட்டில் எஸ்எஸ்பி சத்தம் போட விடமாட்டார். நான் காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு நிலக்கீழ் அறையில் இருந்து கேட்கிறேன். அவர் சொல்வதும் நியாயம்தான்.

மலைநாட்டு மோர்ஸ் எழுதியது:

கண்டியில் இருந்து எழுதுகிறேன், அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலியாளர். நம் நாட்டு அழைப்புக் குறிகள் 4எஸ்7 என்று தொடங்கும். சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

எதையும் அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதலாம், அவ்வளவு கடினம் இல்லை. பெரிய கருவி, உயரமான கம்பம் என்று எண்ணம் இருந்தால் முதலில் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். முகாம் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் வளவுக்கு வெளியே ஏரியல் கம்பி தெரியும்படி கட்டாதீர்கள். யாராவது வந்து கேட்டால் றேடியோவைக் காட்டி விளக்குங்கள், ஒளிக்காதீர்கள். கேட்டதைப் பதிவு செய்து பரப்புவதும் வேண்டாம்.

கம்பிக்கு 15 மீற்றர் உறை போட்ட செப்பு வயர் தாராளம். பலா மரத்தில் இருந்து பனைக்கு, இரண்டு நுனியிலும் நைலோன் கயிறு, ஐந்தாறு மீற்றர் உயரம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழங்கும் முன்பே கம்பியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். றேடியோவைப் பற்றரியில் ஓட்டுங்கள். ஃபோன் சார்ஜர், எல்ஈடி பல்பு, சோலார் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் சிற்றலைக்கு எமன். 2022 மின்வெட்டில் தம்பிக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டதன் இரகசியம் அதுதான், ஊர் முழுக்க எல்லாம் அணைந்து கிடந்தது.

புதியவர்கள் குரலுக்கு முன் ஒற்றை எழுத்து மோர்ஸைத் தேடிப் பாருங்கள். 7039 கிலோஹேர்ட்ஸை ஒட்டி ரஷ்யக் கடற்படையின் குறிகாட்டிகள் இருக்கின்றன. ஒரே எழுத்தை இரவு பகலாக அனுப்புவார்கள். எஃப் என்றால் விளாடிவோஸ்டொக், கே என்றால் கம்சட்கா, எம் என்றால் மகதான். எது கேட்கிறதோ அந்தத் திசைக்கு வழி திறந்திருக்கிறது. இது எங்கள் அமெச்சூர் பட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனால் பழைய சோவியத் ‘மரங்கொத்தி’ ராடாரோடு பார்த்தால் இது சாது. செர்னோபிலுக்குப் பக்கத்தில் இருந்து 1976 தொடக்கம் 1989 வரை செக்கனுக்குப் பத்துத் தட்டு தட்டி உலகம் முழுக்கச் சிற்றலையைக் கெடுத்தது.

குமுழமுனைத் தங்கச்சிக்கு: படைகள் இல்லாத அலையும் இதே பக்கத்தில் இருக்கிறது. 6676, 11387-இல் மும்பை, கொல்கத்தா, சிங்கப்பூர் நிலையங்கள் விமானங்களுக்கு வானிலை வாசிப்பார்கள். 10 மெகாஹேர்ட்ஸில் சீனாவின் நேரக்குறி நிலையம், ஒவ்வொரு மணியிலும் 29-ஆவது, 59-ஆவது நிமிடத்தில் ஒரு பெண்குரல் பேசும்.

இனி ஒட்டுசுட்டான் தம்பியின் டிக் டிக். செக்கனுக்கு ஒன்று, எல்லா அலைவரிசையிலும், பொழுது பட்ட பிறகு. தம்பி, உங்கள் வீட்டுப் பக்கத்தில் யானை வேலி இருக்கிறதா?

ஒட்டுசுட்டான் புதியவன் எழுதியது:

இருக்கிறது! வயலுக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீற்றர் வரும். இரவில்தான் மின் போடுவார்கள்.

மலைநாட்டு மோர்ஸ் எழுதியது:

அப்படியென்றால் அது எந்த நாட்டு இராணுவமும் இல்லை. வேலிக்கு மின்துடிப்பு கொடுக்கும் பெட்டி ஏறக்குறைய செக்கனுக்கு ஒன்று அடிக்கும். வேலி நல்ல நிலையில் இருந்தால் அவ்வளவு கேட்காது. எங்காவது கொடி படர்ந்து கம்பியில் முட்டினாலோ, கம்பியைத் தாங்கும் மின்காப்புத் தாங்கி வெடித்திருந்தாலோ அந்த இடத்தில் பொறி பறக்கும். அந்தப் பொறிதான் உங்கள் றேடியோவில் டிக். உறுதி செய்ய, சின்ன றேடியோவில் ஏஎம் வைத்து, நிலையம் இல்லாத இடத்தில் நிறுத்தி, வேலி ஓரமாக நடந்து பாருங்கள். சத்தம் கூடும் இடத்தில் பிழை இருக்கும். பகலில் வேலிக்குப் பொறுப்பானவர்களோடு போய், அவர்கள் போட்டுக் காட்டும்போது மட்டும். கம்பியில் நீங்கள் கை வைக்க வேண்டாம். பொழுது பட்ட பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம், யானை உங்கள் றேடியோவைக் கேட்க வராது.

முற்றத்துக் கம்பி எழுதியது:

தம்பி, உங்கள் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது? வேலிக்குச் சமாந்தரமாக இருந்தால் குறுக்காகத் திருப்பிக் கட்டிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

ஒட்டுசுட்டான் புதியவன் எழுதியது:

எல்லோருக்கும் பதில் சொல்ல ஒன்பது நாள் எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

வேலி பார்க்கும் ஐயாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. றேடியோவோடு கூட நடந்தபோது நாலாவது வளைவில் சத்தம் காதைப் பிளந்தது. முசுட்டைக் கொடி கம்பியில் ஏறி, ஒரு தாங்கி கருகிப்போய் இருந்தது. அந்த இடத்தால்தான் இரண்டு தடவை யானை உள்ளே வந்து அழிவு செய்தது என்று ஐயா சொன்னார். மின்னை நிறுத்தி, கொடியை வெட்டி, தாங்கியை மாற்றினார்கள். இப்போது மற்ற வேலியையும் அந்த றேடியோவால் பார்த்துத் தரச் சொல்கிறார், சனிக்கிழமை போகிறேன்.

நேற்று இரவு டிக் இல்லை. கம்பியையும் குறுக்காகத் திருப்பிக் கட்டிவிட்டேன். ஒன்பதரை மணிக்கு, அதாவது 16.00 யூடிசி, 8992-இல் வைத்துவிட்டு இருந்தேன். அரை மணித்தியாலம் வெறும் காற்று. 16.34-க்குக் குரல் வந்தது. பேனை கையில் இருந்தும் முதல் மூன்று எழுத்தை எழுத மறந்துவிட்டேன்.

குமுழமுனைப் பெண் எழுதியது:

நானும் ஒன்று சொல்ல வேண்டும். 10 மெகாஹேர்ட்ஸைப் பகலில் கேட்டேன், அப்பாவின் பழைய றேடியோவில். 59-ஆவது நிமிடம் அந்தப் பெண்குரல் வந்தது. மொழி விளங்கவில்லை. அடுத்த மணிக்கும் இருந்து கேட்டேன்.

பழைய டைனமோ எழுதியது:

ஒட்டுசுட்டான் தம்பி, எதிரொலி இருந்ததா?

ஒட்டுசுட்டான் புதியவன் எழுதியது:

இருந்தது ஐயா. ஒரு குரல், அதன் வால் பிடித்தது போல அதே குரல்.